போர்டு இல்லாத ஓட்டல்

உலக நாடுகள் போர், சமாதானம் முதலிய சில்லறை வேலைகளைச் சற்றே நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டிய அறிவிப்பு இது: மருந்துக் கடைக்காரர் இன்று பொழுது சாயும் முன்பே கடையைச் சாத்திவிட்டார்.

தன் கல்யாணத்தன்றுகூட அரை நாள் கடையைத் திறந்து வைத்திருந்தவர் அவர் என்பதை நினைத்துப் பார்த்தால் விஷயத்தின் கனம் விளங்கும்.

இப்போது அவர் படுக்கையறைக் கண்ணாடியின் முன்னால் நின்றார். காலர் இல்லாத சாம்பல் நிறப் புதுச் சட்டையின் முதல் பித்தானைப் போடுவதா, விடுவதா என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஸ்கேன் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"இது ஸ்டைல். ஸ்டைலான ஓட்டலுக்கு இப்படித்தான் போகணும்."

"ஆஸ்பத்திரியில போட்டு விடுற சட்டை மாதிரியே இருக்கு. பின்னாடி நாடா தொங்குதான்னு பாத்துக்குங்க."

"நீ வேற! நானே பயந்து போயிருக்கேன்."

பயப்படாமல் என்ன செய்வார்? இன்றைய விருந்தில் அவருடைய பெயர் அடங்கியிருந்தது. பெயர் என்றால் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. அதை எல்லோரும் எப்போதோ மறந்துவிட்டார்கள்.

நான்கு நண்பர்கள். இளவயதில் ஒரே வாடகை அறையில் பாய் விரித்து, ஒரே ஸ்டவ்வில் சமைத்து, ஒரே நல்ல சட்டையை முறைபோட்டு உடுத்தியவர்கள். இன்று அவர்களில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் வக்கீல், ஒருவர் கட்டட இன்ஜினியர். மிச்சமிருந்தவர் மருந்துக் கடை வைத்தார். வருடத்துக்கு ஒருமுறை நால்வரும் கூடி விருந்து சாப்பிடுவது வழக்கம். விருந்து யார் முறையோ அவர்தான் ஓட்டலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற மூவரும் தீர்ப்புச் சொல்வார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் மருந்துக் கடைக்காரரின் முறை வந்தபோது, தனக்கு மனதாரப் பிடித்த ஓர் இடத்துக்கு அவர்களை அழைத்துப் போனார். சுத்தமான மேசை, சூடான சாப்பாடு, தொந்தரவு செய்யாத சிப்பந்திகள். பல் டாக்டர் உட்கார்ந்தார், சுற்றிப் பார்த்தார். பிடுங்கிய சொத்தைப் பல்லைத் தூக்குகிற மாதிரி எவர்சில்வர் டம்ளரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"என்னடா இது, கேண்டீன் மாதிரி இருக்கு?"

முடிந்தது கதை. அன்றிலிருந்து மருந்துக் கடைக்காரர் "கேண்டீன்" ஆனார். வக்கீல் மகளின் கல்யாண வரவேற்பில், "கேண்டீன் மாமா எங்கிருந்தாலும் போட்டோ எடுக்க மேடைக்கு வரவும்" என்று மைக்கில் அறிவித்தார்கள். மாத்திரை வாங்க இன்ஜினியர் அனுப்பிய ஆள் கடை வாசலில் நின்று, "கேண்டீன் சார் இருக்காரா?" என்று கேட்க, இருமல் மருந்து வாங்க வந்த பெரியவர் ஒருவர், "பசிச்சா அடுத்த தெருவுக்குப் போப்பா, இது மருந்துக் கடை" என்று வழி சொல்லி அனுப்பினார்.

அந்தப் பெயரை இன்றைக்குத் தலைமுழுக வேண்டும். விட்டால் இன்னும் நாலு வருடம்.

அதற்கான வழியைச் சொன்னவர், கழுத்தில் டையும் கையில் பெட்டியுமாக மருந்து விற்க வரும் கம்பெனி இளைஞர்.

"சார், ஊரே அந்த ஓட்டலைப் பத்தித்தான் பேசுது. பழைய குளிர்பதனக் கிடங்கு இருக்கே, அங்க. பெயரே கிடையாது சார். கதவு நம்பர்தான் பெயர். போர்டு கூட மாட்டல."

"போர்டு இல்லாம ஓட்டலா?"

"அதான் சார் ஸ்டைல்."

"உள்ள எப்படி இருக்கும்?"

"அதைச் சொல்லக் கூடாது சார். போய் அனுபவிக்கணும்."

டாக்டர்களின் கையெழுத்தையே கண்ணை மூடிக்கொண்டு படிக்கிற மருந்துக் கடைக்காரருக்கு இதிலிருந்து ஒன்றும் புரியவில்லை. புரியாததால் மரியாதை வந்தது. அன்றே போன் செய்து நாலு பேருக்கு இடம் சொல்லிவைத்தார்.

மனைவி வாசல் வரை வந்தாள்.

"போன தடவை ஒரு பேரு வெச்சாங்க. இந்தத் தடவை என்ன வெக்கறாங்களோ, வந்து சொல்லுங்க. நானும் கூப்பிட்டுப் பழகணுமில்ல."

கிடங்கின் முன்பக்கம் இருட்டாக, கதவே இல்லாமல் நின்றது. பக்கத்துச் சந்தில் ஓர் இரும்புக் கதவு. மேலே எண் மட்டும். கீழே குப்பைத் தொட்டி, அதன்மேல் ஒரு பூனை.

"இதுவாடா?" என்று வக்கீல் கேட்டார்.

"போர்டைக் காணோமே?" என்றார் இன்ஜினியர்.

"அதான் ஸ்டைல்" என்றார் மருந்துக் கடைக்காரர், கம்பெனி இளைஞரின் குரலைக் கடன் வாங்கி.

பல் டாக்டர் தலையை ஆட்டினார். மூன்று தடவை வெளிநாடு போய் வந்தவர். "உலகத்துல நல்ல இடத்துக்கு எங்கயும் போர்டு இருக்காது. தெரிஞ்சவன் உள்ள வருவான். தெரியாதவன் தாண்டிப் போவான்" என்றார். பூனை எழுந்து தாண்டிப் போயிற்று.

கதவைத் தட்டியதும், கழுத்தில் விசில் தொங்க, ஒரு தடித்த ஆள் தலையை நீட்டினார்.

"நாலு பேரா?"

"ஆமாங்க, நான் போன்ல..."

"நாலு பேர் வருவாங்கன்னு எப்பவோ சொன்னாங்க. இதுதான் வர்ற நேரமா? கொக்கியில ஏப்ரன் இருக்கு. மாட்டிக்கிட்டு உள்ள போங்க, சீக்கிரம்!"

நால்வரும் கறுப்பு ஏப்ரனை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். மருந்துக் கடைக்காரர் இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டார்.

நீளநீளமான தகர மேசைகள். முதுகு சாய வழியில்லாத பெஞ்சுகள். தலைக்கு மேலே குழாய்கள். ஒரு டியூப்லைட் விட்டுவிட்டுக் கண்ணடித்தது. சுவரில் கொட்டை எழுத்தில் ஓர் ஆணை: "சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கவும்." கறுப்பு ஏப்ரன் கட்டிய ஆணும் பெண்ணும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, குழித்தட்டில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு நீண்ட கவுண்டர். அதன் பின்னால் தலையில் துணி கட்டிய ஓர் அம்மாள், கையில் துடுப்பு மாதிரி ஒரு கரண்டி, வாயில் ஓயாத அதட்டல்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில் கால் நூற்றாண்டாகக் கடை வைத்திருப்பவருக்குக் கேண்டீனைக் கண்டால் தெரியாதா? அந்தப் பெஞ்சு, அந்த டியூப்லைட், தட்டுக் கழுவும் அந்தச் சத்தம். ஐயோ, இது ஓட்டல் இல்லை. ஓட்டலில் வேலை செய்கிறவர்கள் சாப்பிடும் இடம். பின்வாசலில் நுழைந்துவிட்டோம். யாரோ நாலு வேலையாட்களுக்காகக் காத்திருந்தவர் நம்மைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்.

பேய்க்குப் பயந்து ஓடியவன் சுடுகாட்டில் போய் ஒளிந்த கதையாகிவிட்டது.

"டேய்..." என்று அவர் வாயைத் திறந்தார்.

"அடடடா!" என்றார் இன்ஜினியர். அவர் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். "பூச்சே இல்லடா! சிமென்ட்டை சிமென்ட்டாவே விட்டிருக்கான். இதுக்கு எவ்ளோ தைரியம் வேணும் தெரியுமா? நான் இப்படி ஒரு சுவர் கட்டினதுக்கு வீட்டுக்காரன் என்மேல கேஸ் போட்டான்."

"நான்தானே உனக்கு வாதாடினேன்" என்றார் வக்கீல்.

"தோத்தோமே."

"காலத்தை மிஞ்சின சுவர்டா அது. நீதிபதிக்குப் புரியல."

பல் டாக்டர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அந்த டியூப்லைட்டைக் கவனிங்க. தானா கண்ணடிக்கலை. கண்ணடிக்க வெச்சிருக்கான். எதுவும் அழகா இருந்துடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கான். இதான் ரசனை." பிறகு திரும்பி மருந்துக் கடைக்காரரின் தோளில் கை வைத்தார். "நீயாடா இதைக் கண்டுபிடிச்சே?"

நாலு வருடமாக அந்தக் குரலில் இவ்வளவு மரியாதையை அவர் கேட்டதில்லை. உண்மை தொண்டை வரை வந்து, இடம் போதாமல் உள்ளே திரும்பியது.

"கை கழுவிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நழுவினார். ஓட்டல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், மேசை தயாராகிவிட்டது என்று சொல்லி அவர்களை அங்கே நகர்த்திவிடலாம்.

மூலையில் ஒரு படிக்கட்டு. ஏறினார். மேலே ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே பார்த்தவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

ஓட்டல்! இதுவல்லவா ஓட்டல்! மேசைதோறும் வெள்ளை விரிப்பு. விரிப்புக்கு நடுவே பூச்சாடி. பீங்கான் தட்டு, விசிறி மடித்த கைத்துணி, மெல்லிய இசை. பத்துப் பன்னிரண்டு பேர் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். வசதி படைத்தவன் காலை எங்கே வைத்தாலும் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது.

கதவைத் தள்ளினார். பக்கத்து மேசையில் இருந்தவர் வாயைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்து, அவருடைய ஏப்ரனை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், இங்க வரக் கூடாது. உங்க இடம் கீழ."

"இல்லீங்க... நாங்க சாப்பிட வந்தவங்க..."

"தெரியுது சார். சாப்பாடு கீழதான்."

கதவு சாந்தமாக மூடிக்கொண்டது. 'உன் தகுதி இவ்வளவுதான்' என்பதை இத்தனை பண்பாக அவரிடம் யாரும் சொன்னதில்லை.

படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"இங்க பாரு, ஒரு சிக்கல். கேண்டீனுக்குள்ள வந்துட்டோம்."

"நீங்க எங்க போனாலும் அப்படித்தானே."

"இது நிஜக் கேண்டீன்! வேலையாளுங்க சாப்பிடற இடம். ஓட்டல் மாடியில இருக்கு. ஏப்ரனைப் பாத்துட்டு உள்ள விட மாட்டேங்கறான்."

"கழட்டிட்டுப் போக வேண்டியதுதானே? ஓ, உள்ள அந்தச் சட்டையா. வேணாம், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடுவாங்க."

"விளையாடாதே."

"உங்க சிநேகிதங்க என்ன சொல்றாங்க?"

"ஆகா ஓகோங்கறாங்க."

"அப்புறம் என்ன? வாயை மூடிக்கிட்டு, போட்டதைச் சாப்பிட்டுட்டு வாங்க."

நல்ல புத்தி சொன்னால் கேட்கிறவராக இருந்தால் அவர் முப்பது வருடம் முன்னாலேயே முன்னுக்கு வந்திருப்பார். கீழே இறங்கி வந்து, நண்பர்களிடம் குரலைத் தழைத்தார்.

"மாடிக்குப் போயிடலாமாடா? மேல இன்னும் நல்லா இருக்கு. வெள்ளை விரிப்பு, பூச்சாடி..."

"பூச்சாடியா!" பல் டாக்டர் முகம் சுளித்தார். "பூச்சாடி செத்து எத்தனை வருஷமாச்சு! இவ்ளோ பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சுட்டு, கடைசியில பழைய புத்தியைக் காட்டறியே."

"மாடிக்கு மாற்றக் கோரும் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது" என்றார் வக்கீல்.

"நான் இந்தச் சுவரை விட்டு வர மாட்டேன்" என்றார் இன்ஜினியர்.

தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கரண்டிக்கார அம்மாள் பல் டாக்டரைப் பார்த்து ஒரு போடு போட்டாள்.

"தட்டை நேராப் பிடி! கை என்ன இப்படி ஆடுது? இந்தக் கையை வெச்சுக்கிட்டு நீ என்ன வேலை செய்வே?"

ஊரின் பாதி வாய்களுக்குள் போய் வந்த கை அது. மருந்துக் கடைக்காரருக்கு உயிரே போய்விட்டது. டாக்டரோ மலர்ந்துவிட்டார்.

"பாத்தியா? இருபது வருஷத்துல என்னை ஒருத்தரும் திட்டினதில்ல. எல்லாரும் வாயைத் திறந்துக்கிட்டு இருப்பாங்க, பேச முடியாது. நல்லாத்தான் இருக்கு இது!"

அந்த அம்மாள் இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் குட்டு உடைந்துவிடும். அவர்கள் முன்னே போனதும் மருந்துக் கடைக்காரர் கவுண்டரில் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"அம்மா, அவங்க மூணு பேருக்கும் காது கொஞ்சம் மந்தம். பேச்சுக் கொடுக்காதீங்க."

இரக்கமுள்ள பெண்மணி. காது மந்தமானவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

"உருளைக்கிழங்கு இன்னும் வேணுமாஆஆ?"

கூடமே திரும்பிப் பார்த்தது. ஒரு பெஞ்சில் இருந்த நாலைந்து பேர், தங்களைத்தான் கேட்கிறாள் என்று எண்ணி, "வேணும்ம்ம்!" என்று கத்தினார்கள். வக்கீலும் சேர்ந்து கத்தினார். நீதிமன்றத்தில் அவர் ஒருநாளும் அவ்வளவு தெளிவாகக் குரல் கொடுத்ததில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சூடான சூப்பு, கையால் பிய்க்கும் ரொட்டி, தோல் மொறுமொறுவென்று வாட்டிய கோழி, வெண்ணெய் உருகும் உருளைக்கிழங்கு. மருந்துக் கடைக்காரர் தன் கவலையையும் மீறி இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். வேலையாட்களுக்கு இப்படிச் சமைத்துப் போடும் முதலாளி நல்லவனாகத்தான் இருக்க வேண்டும். அந்த நல்லவன் வீட்டுச் சோற்றைத்தானே திருடித் தின்கிறோம் என்று நினைத்ததும் கோழி தொண்டையில் நின்றது.

அப்போது விசில்காரர் வந்து மேசையைத் தட்டினார்.

"நாலு பேரும் இங்க புதுசா?"

இல்லை என்றால் பழைய கணக்கைக் கேட்பார். ஆமாம் என்பதுதான் பத்திரம். "ஆமாங்க, புதுசு. இன்னைக்குத்தான்" என்றார் மருந்துக் கடைக்காரர் அவசரமாக.

"அப்போ பூண்டு உரிக்கணும். புதுசா வர்ற யாருக்கும் விலக்கு கிடையாது."

ஒரு கூடை பூண்டு மேசையில் வந்து விழுந்தது.

மருந்துக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மூவரும் ஏற்கனவே சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார்கள்.

"இதை ஆட்டி எடுக்கணும்டா" என்று பல் டாக்டர் பாடம் நடத்தினார். "கடைவாய்ப்பல் மாதிரி. பிடுங்கினா உடைஞ்சுடும். இப்படி... இப்படி... வந்துடுச்சு பாரு, வேரோட!"

"வலிச்சுதான்னு கேளு" என்றார் இன்ஜினியர்.

"வாய்தா கேட்டா கொடுப்பாங்களா?" என்றார் வக்கீல், மூன்றாவது பல்லில் நகம் போய்விட்ட சோகத்தில்.

"அந்தக் காலத்துலயும் நீ பூண்டு உரிக்கறப்பதான் பரீட்சைக்குப் படிக்கணும்னு எழுந்து போவே" என்றார் பல் டாக்டர்.

"படிச்சதாலதான்டா வக்கீலானேன்."

"உரிச்சிருந்தா மனுஷனாகியிருப்பே."

மூவரும் பெஞ்சு அதிரச் சிரித்தார்கள். மருந்துக் கடைக்காரரும் ஒரு கணம் தன்னை மறந்து சிரித்தார். போன மூன்று விருந்துகளிலும் யாரும் இப்படிச் சிரித்ததாக அவருக்கு நினைவில்லை. அங்கெல்லாம் பூச்சாடிகள் இருந்தன.

ஆனால் மனசாட்சி என்ற ஒன்று அவரிடம் கொஞ்சம் ஸ்டாக் இருந்தது. இன்று அதைக் காலி செய்துவிடுவது என்று எழுந்து, விசில்காரரை ஓரங்கட்டினார்.

"ஐயா, அவங்களை விட்டுடுங்க. என்ன வேலை இருந்தாலும் நான் ஒருத்தனே செஞ்சுடறேன்."

"எல்லாத்தையுமா?" விசில்காரர் முகத்தில் முதன்முறையாக ஒரு புன்னகை எட்டிப் பார்த்தது. "இவ்ளோ ஆர்வமா யாரும் கேட்டதில்ல. வாங்க, உங்களுக்கு ஸ்பெஷல்!"

ஸ்பெஷல் என்பது, ஓர் ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கக்கூடிய சூப்பு அண்டா. கூடவே தேங்காய் அளவு நாரும், சோப்புத் தண்ணீரும். மருந்துக் கடைக்காரர் தலையை உள்ளே விட்டுத் தேய்க்கத் தொடங்கினார். பாவத்தைக் கழுவுகிறவன் தேய்ப்பது மாதிரியே தேய்த்தார்.

"டேய்!" அண்டாவுக்கு வெளியே வக்கீலின் குரல் கேட்டது. "அவனுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்? விருந்து கொடுக்கறவன் தனியா போய் அனுபவிக்கறதா? இது எந்த ஊர் நியாயம்?"

"எங்களுக்கும் அண்டா வேணும்" என்றார் இன்ஜினியர்.

விசில்காரர் ஒரு நீண்ட விசில் அடித்தார். இன்னும் மூன்று அண்டாக்கள் வந்தன.

அடுத்து நடந்ததைக் கண்ணால் பார்த்திராவிட்டால் அந்த மூவரின் மனைவிமார்களும் நம்ப மாட்டார்கள். பார்த்திருந்தால் மன்னித்திருக்க மாட்டார்கள். பல் டாக்டர் மூக்குக்கண்ணாடி நிறைய நுரையோடு பாடினார். வக்கீல் தாளம் போட்டார். இன்ஜினியர் கழுவிய அண்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தன் வாழ்நாளில் அவர் கட்டியவற்றில் சாயாமல் நின்றது அது ஒன்றுதான். பக்கத்துத் தொட்டியில் ஓர் இளம் தம்பதி, கழுவிய தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உழைக்கும் மக்களுக்கு வேலையில் எவ்வளவு பெருமை என்று மருந்துக் கடைக்காரர் நெகிழ்ந்துபோனார்.

கடைசியில் இனிப்பு வந்தது. பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் பல் டாக்டர் ஈரக் கையோடு எழுந்து நின்று, கரண்டியால் டம்ளரைத் தட்டினார். எவர்சில்வர் டம்ளர்தான். இரண்டு விரலால் இல்லை, ஐந்து விரலாலும் இறுகப் பிடித்திருந்தார்.

"நண்பர்களே! நான் பல நாட்டுல பல ஓட்டல்ல சாப்பிட்டிருக்கேன். அங்கெல்லாம் எனக்கு முன்னாடி தட்டை வெச்சாங்க. இங்கதான் என்னை ஒரு மனுஷனா மதிச்சு வேலை கொடுத்தாங்க. இது விருந்தில்லடா, தத்துவம்! இந்த இடத்தைக் கண்டுபிடிச்சவனை நாம நாலு வருஷமா ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டோம். அதுக்கு நான் வெட்கப்படறேன்."

"நானும்" என்றார் இன்ஜினியர், வாய் நிறைய இனிப்போடு.

"அப்பெயர் இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது" என்றார் வக்கீல். "மீறிக் கூப்பிடுபவர் அடுத்த விருந்தில் பூண்டு முழுவதையும் தனியே உரிக்கக் கடவர்."

மூவரும் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமலே அக்கம்பக்கத்துப் பெஞ்சுகளும் தட்டின. மருந்துக் கடைக்காரரின் கண்ணில் நீர் வந்தது. பூண்டு உரித்த விரலால் துடைத்ததும் இன்னும் வந்தது.

"ஆமா, பில் எங்கடா?" என்றார் வக்கீல்.

"அதெல்லாம் முன்னாடியே முடிச்சாச்சு" என்றார் மருந்துக் கடைக்காரர். கேண்டீனில் ஏது பில்?

"பில்லைக் கண்ணுலயே காட்டல பாத்தியா!" பல் டாக்டர் கை கூப்பாத குறை. "நீ எங்கேயோ போயிட்டேடா!"

மூவரும் ஏப்ரனைக் கொக்கியில் மாட்ட வாசலுக்குப் போனார்கள். சுவரிடம் தனியாக விடைபெற்றுக்கொள்ள இன்ஜினியர் மட்டும் சற்றுப் பின்தங்கினார்.

அப்படியே ஓடியிருக்கலாம். பட்டம் தொலைந்தது, பெயர் திரும்பியது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு தடவை வாங்கித் தின்ற கோழி உள்ளேயிருந்து கேள்வி கேட்டது. யாருக்கோ வைத்திருந்த சாப்பாடு. அந்த நாலு பேர் வேலை முடிந்து பசியோடு வந்தால் என்ன ஆகும்?

கரண்டிக்கார அம்மாள் கவுண்டருக்கு வெளியே, அவரை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள். தலைத்துணியை அவிழ்த்திருந்தாள். கையில் ஒரு சின்னத் தட்டு, அதன்மேல் மடித்த காகிதம் ஒன்று. மருந்துக் கடைக்காரர் பாய்ந்து போய் அவளை வழிமறித்தார்.

"அம்மா, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நானே சொல்லிடறேன். நாங்க வேலைக்கு வந்தவங்க இல்ல. ஓட்டல்ல சாப்பிட வந்து, வழி தெரியாம உங்க ஸ்டாஃப் கேண்டீனுக்குள்ள நுழைஞ்சுட்டோம். அவங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல. உங்க ஆளுங்களுக்கு வெச்சிருந்த சாப்பாட்டையெல்லாம் நாங்க சாப்பிட்டுட்டோம். அவங்களை மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடணும்னு எவ்ளோவோ பாத்தேன், நடக்கல. மன்னிச்சுடுங்கம்மா. இது கேண்டீன்னு மட்டும் தயவுசெய்து அவங்க காதுல போட்டுடாதீங்க."

அந்த அம்மாளின் அதட்டல் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. தட்டை அவர் பக்கம் மெல்ல நீட்டிவிட்டு, மிகவும் பணிவான குரலில் சொன்னாள்:

"ஓட்டல் இதுதான் சார். ஸ்டாஃப் கேண்டீன்தான் மாடியில இருக்கு."